கருவாயனுக்காகப் போடாத வேட்டு

மாப்ள,

இன்று காலை பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டார்கள். தலை பெருத்த மீன் போலிருக்கிறது. தணலில் கருகிய வாடை சுவரைத் தாண்டி வந்து வீடு முழுக்க நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரி முகம் சுளித்துக்கொண்டு சன்னலைச் சாத்தப் போனாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தாமலே அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும், அந்த வாடைக்கு எனக்கு உன் முகம்தான் வரும் என்று.

வைகை மணலில் நீ குத்தவைத்திருக்கிறாய். மடியில் சுட்ட கருவாட்டுத் தலைகள். முழங்காலை ஒட்டி உன் நாய் கருவாயன். எதிர்க்கரையில் ஓலைவெடியும் கையுமாக நான். கரை மேட்டில் நின்று சோழவந்தானே சிரிக்கிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. நீயும் இல்லை. மிச்சமிருக்கிறவர்கள் கதையைத் தப்பாகச் சொல்கிறார்கள். நாய்க்குப் பயந்து வேட்டுப் போடுவதைக் கைவிட்டவன் என்று என்னைக் காட்டிப் புது ஆட்களிடம் சொல்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது உனக்குத் தெரியும். கடைசியில் நடந்தது மட்டும் உனக்குத் தெரியாது.

நாம் இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஐந்தாவது வரைக்கும் படித்தோம். அப்புறம் உனக்கு உன் அப்பாவின் வெற்றிலைக் கொடிக்கால், எனக்கு என் அப்பாவின் வேட்டுக் குழாய்கள். கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, சாவோ, நான் குழாயில் மருந்து கெட்டித்துத் திரியைப் பற்றவைக்காமல் அந்த ஊரில் எதுவும் நடக்காது. இங்கே போடும் வேட்டு வாடிப்பட்டியில் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெருமை. ஒரு தடவை கேட்டதாக அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னபோது அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

கருவாயன் உனக்கு எப்படிக் கிடைத்தான் என்பதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. வெற்றிலைக் கட்டுகளை ரயிலேற்றிவிட்டு வெறும் வண்டியோடு நீ திரும்பும்போது, முகம் மட்டும் கறுத்த ஒரு செவலைக் குட்டி வண்டிக்குப் பின்னாலேயே வந்தது. நீ விரட்டவில்லை, அது போகவில்லை. வளர்ந்த பிறகு ஊரில் யாருக்கும் பயப்படாத நாய் அது. முட்டுகிற காளையை நின்று முறைக்கும். ஆனால் நான் வந்தால் மட்டும் உன் கால்களுக்குப் பின்னால் போய்விடும். என் வேட்டியில் கந்தக வாடை. எனக்கு அது அவமானமாக இருந்தது. நாயை நல்லா வளத்திருக்க மாப்ள என்று குத்தலாகச் சொல்வேன். நீ சிரிப்பாய்.

வேட்டுச் சத்தம் கேட்டால் அது ஓடும். எங்கே என்று அதற்கே தெரியாது. முதல் வருடத் தீபாவளிக்கு ஓடியதை இரண்டாம் நாள் ரயில் பாதையோரம் கண்டுபிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். நாலு கால் பாதமும் கிழிந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த நாளே ஒரு கல்யாணத்துக்கு மருந்து இடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வைகாசியில் அம்மன் கோயில் திருவிழா. உச்சி வெயிலில் பால்குடம் கோயில் வாசலுக்கு வந்தது, நான் பதினோரு குழாய்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கவிட்டேன். அந்த வருடம் மருந்து நன்றாக அமைந்திருந்தது, தரை அதிர்ந்தது. புகை அடங்கியபோது கொடிக்கால் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. கருவாயன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, உன் சித்தப்பாவின் கொடிக்காலுக்குள் புகுந்துவிட்டது.

செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கும்பிட்டுக்கொண்டு நுழைகிற இடம் அது. அதில் நாய். நான் போய்ச் சேரும்போது ஏழெட்டுப் பேர் கம்போடு நின்றார்கள். அகத்தி மரங்களுக்கு நடுவே வாய்க்கால் சேற்றில் அது கிடந்தது. உடம்பெல்லாம் நடுக்கம், கண் நிலைகுத்தி, வாயோரம் நுரை. வெறிநாய் என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் ஒன்று போதும். கம்புகள் உயர்ந்தன.

நீ அத்தனை பேருக்கும் நடுவே குனிந்து உள்ளே போனாய். அதைத் தூக்கக் கை நீட்டினாய். உன்னைத்தான் கடித்தது. முழங்கைக்குக் கீழே, ஆழமாக. நீ கையை உதறவில்லை. மற்ற கையால் துண்டை எடுத்து அதன் தலைமேல் போர்த்தி, ரத்தம் ஒழுக ஒழுக அணைத்துக்கொண்டு வெளியே வந்தாய். உன் சித்தப்பா வழியை மறித்தார். அடித்துப் புதைத்தால்தான் இந்த இடத்தைவிட்டு நகர்வேன் என்றார்.

"இவனுக்கு வெறி இல்ல, பயம். பயந்தவன அடிக்கிறதா இருந்தா என்னைய மொதல்ல அடிங்க."

கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாய். அவர் உன் அப்பாவின் தம்பி, ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அன்றைக்கு விலகினார். அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

உன்னை நான்தான் ரயிலில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, எரிகிற மருந்து வைத்துக் கட்டினார். நாயைக் கொன்றுவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் நல்ல வேளை என்றார். கட்டிப் போட்டு, தண்ணீர் வைத்து, பத்து நாள் பார். வெறியாக இருந்தால் அதற்குள் செத்துவிடும். அப்படி ஏதாவது தெரிந்தால் அந்த நிமிஷமே ரயிலேறி வா, தொப்புளைச் சுற்றி ஊசி போட வேண்டியிருக்கும், ஒரு நாள்கூடத் தாமதிக்காதே என்றார்.

பத்து நாள். வெற்றிலை அடுக்கும் மண் அறையில் அதைக் கட்டிவிட்டு, நீ வாசலில் பாய் போட்டுக்கொண்டாய். தெரு உன் வீட்டுக்கு வருவதை நிறுத்தியது. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, தண்ணீர் எடுக்கப் போனால் கிணற்றடியில் மற்றவர்கள் விலகி நின்றார்களாம். அவள் குடத்தை நிதானமாக நிரப்பிக்கொண்டு, வேண்டுமென்றே இன்னொரு குடமும் நிரப்பிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். உங்கள் இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தவன் கெட்டிக்காரன்.

நான் தினமும் வந்து தெருவிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போவேன். உள்ளே வரப் பயம் எனக்கு. நாய்க்குப் பயமா, உன் முகத்துக்குப் பயமா என்று தெரியவில்லை. பத்தாம் நாள் கருவாயன் கம்மங்கூழைக் குடித்துவிட்டு வாலாட்டியது. பதினோராம் நாள் கட்டுப் போட்ட கையோடு நீ என் வீட்டுக்கு வந்தாய். திட்டப் போகிறாய் என்று நினைத்தேன்.

"மாப்ள, உன் வேட்டாலதான் அவனுக்கு இந்தப் பயம் வந்துச்சு. உன் வேட்டாலதான் அது போகணும். தீவாளிக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு."

எனக்குப் புரியவில்லை. நீயே விளக்கினாய். புதுமாட்டை வண்டிக்குப் பழக்கும்போது முதல் நாளே பாரம் ஏற்றுவோமா? வெறும் நுகத்தடியை வைத்து நடக்கவிடுவோம். அப்படித்தான் இதுவும் என்றாய். இருப்பதிலேயே சின்ன வெடியை இருப்பதிலேயே தூரத்தில் நான் வெடிக்க வேண்டும். அதே நேரத்தில் நீ அதற்குப் பிடித்ததைத் தின்னக் கொடுப்பாய். தின்றால் அடுத்த நாள் பத்தடி கிட்டே. தின்னாமல் நிமிர்ந்து பார்த்தால் இருபதடி பின்னே.

வாடிப்பட்டிக்குக் கேட்க வேட்டுப் போட்டவன், எதிர்க்கரையில் நிற்பவனுக்குக் கேட்கலாமா வேண்டாமா என்கிற அளவுக்கு ஓலைவெடி சுற்ற உட்கார்ந்தேன். மாப்ள, பெரிய வேட்டுப் போடுவது சுலபம். மருந்தை அள்ளிக் கெட்டித்தால் போதும். சின்ன வேட்டுப் போட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கரியைக் கூட்டி, வெடியுப்பைக் குறைத்து, ஓலையைத் தளர்த்திக் கட்டி, கடைசியில் ஒரு கொட்டாங்கச்சி உடைகிற அளவுக்குச் சத்தத்தைக் கொண்டுவந்தேன். என் அப்பா இருந்திருந்தால் குழாய்களைப் பிடுங்கி வைத்திருப்பார்.

காலை வேலை முடிந்து, வெயில் ஏறும் முன் தினமும் ஆற்றுக்குப் போனோம். நீ துண்டை ஆட்டினால் நான் வெடிப்பேன். இரண்டு தடவை ஆட்டினால் கிட்டே வரலாம். தலைக்கு மேலே சுற்றினால் பின்னே போக வேண்டும். எத்தனை நாள் சுற்றினாய்! ஆடி முழுக்க நான் முன்னே போனதைவிடப் பின்னே போனதுதான் அதிகம். கரைமேட்டில் கூட்டம் சேர்ந்தது. நாய்க்கு என்ன விசேஷம், காதுகுத்தா என்று கேட்டார்கள். கொடிக்கால் வேலையை விட்டுவிட்டுக் கூத்தாடுகிறான் என்று உன் சித்தப்பா சந்தையில் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிப்போகும். நீ அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாய். ஒரு நாள் அவமானம் தாங்காமல், போதும் மாப்ள, நாளைக்கு நான் வரலை என்றேன். நீ கோபப்படவில்லை. "அவங்க சிரிக்கிறது நம்மளப் பாத்து. அவன் நடுங்குறது நம்மாலதான். எது பெருசுன்னு நீயே சொல்லு" என்றாய். மறுநாள் உனக்கு முன்னால் ஆற்றில் நின்றேன்.

உன்னிடம் நான் கற்றுக்கொண்டது அதற்குள் நிறைய. அது நடுங்கும்போது நீ அதட்ட மாட்டாய். ஐயோ செல்லமே என்று கட்டிப் பிடிக்கவும் மாட்டாய். பக்கத்தில் போய், முகத்தைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். வெற்றிலை கிள்ளுவாய், கயிறு முறுக்குவாய். அது தானாக வந்து உன் இடுப்பில் முட்டும். அதற்கப்புறம்தான் கை வைப்பாய். ஒரு தடவை, நீ இல்லாதபோது, நானும் அப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். கந்தக வாடை அடிக்கிற என் வேட்டியின் மேல் வந்து தலையை வைத்தது. அன்றிலிருந்துதான் நானும் அதை 'அவன்' என்று சொல்ல ஆரம்பித்தேன்.

ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு நாலு நாள் முன்பே தெருவில் வெடி ஆரம்பித்துவிட்டது. நீ எல்லாவற்றையும் ஏற்பாடாக வைத்திருந்தாய். காலையிலேயே அவனை ஆற்றோரமாக ரொம்ப தூரம் ஓடவிட்டுக் களைக்கவைத்துக் கூட்டி வந்தாய். வயிறு நிறையச் சோறு. மண் அறையில் வைக்கோல் பரப்பி, நனைத்த சாக்குகளைக் கதவிலும் சன்னலிலும் தொங்கவிட்டாய். ஒளிந்துகொள்ள மூலையில் ஒரு வெற்றிலைக் கூடையைக் கவிழ்த்து வாய் வெட்டி வைத்திருந்தாய். வெடி பலக்கும்போதெல்லாம் தங்கச்சி அறைக்கு வெளியே உரலில் நெல்லைப் போட்டு இடித்தாள். ஒரே சீராக, தம் தம் என்று. அந்தச் சத்தத்துக்குள் வெளிச் சத்தம் கரைந்துபோகும் என்பது அவள் கண்டுபிடிப்பு. கை வலித்தபோது நான் உலக்கையை வாங்கிக்கொண்டேன். வேட்டுக்காரன் தீபாவளியன்று நெல் இடித்தேன். அந்த நாளைப் பற்றி ஊர் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.

கருவாயன் நடுங்கினான். கூடைக்குள்ளேயே கிடந்தான். நீ கொடுத்த கருவாட்டில் பாதியைத் தின்றான், பாதியை வைத்துவிட்டான். அஞ்சு மாச உழைப்பும் வீண் என்று எனக்குத் தோன்றியது. கதவு திறந்துதான் இருந்தது, கயிறும் கட்டவில்லை, அவன் ஓடவில்லை என்பதை நீதான் காட்டினாய். "பயம் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் மாப்ள. ஓடாம நம்மகிட்ட இருந்தான்ல, அம்புட்டுப் போதும்" என்றாய். எனக்கு அப்போது அது போதவில்லை. இப்போது போதும்.

அதற்குப் பிறகு நான் வேட்டுப் போடுவதற்கு முன் உனக்குச் சொல்லி அனுப்புவது வழக்கமாயிற்று. உனக்குச் சொல்வது மெல்ல மெல்லத் தெருவுக்கே சொல்வதாயிற்று. சினை மாடு வைத்திருந்தவர்கள் வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். சிரித்தவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், தன் வேட்டை நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு வந்தார், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து. நீ ஒன்றும் சொல்லிக்காட்டாமல் கருவாட்டுத் தலையை அவர் கையில் கொடுத்தாய்.

மூன்று வருடம் அப்படிப் போயிற்று. பிறகு அந்த மார்கழிக் காய்ச்சல். நாலே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இனி எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது.

உன்னைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியிருந்தார்கள். மேளம் வந்துவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதில்லை. என் சிநேகிதன் சாவுக்கு நான் போடாமல் யார் போடுவார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அழுதுகொண்டே குழாய்களில் மருந்தைக் கெட்டித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மருந்து வைத்ததில்லை. மதுரைக்கே கேட்கட்டும் என்று நினைத்தேன். பதினோரு குழாய்களையும் உன் தெருமுனையில் வரிசையாக நட்டுவிட்டு உன்னைப் பார்க்க வந்தேன்.

பாடைக்குக் கீழே கருவாயன் படுத்திருந்தான். இரண்டு நாளாக உன்னை விட்டு விலகவில்லை என்று தங்கச்சி சொன்னாள். மேளச் சத்தத்துக்குக்கூட நகரவில்லை. என்னைப் பார்த்தான். என் கையை முகர்ந்தான். புது மருந்து. அவன் உடம்பு முழுக்க அந்தப் பழைய நடுக்கம் ஓடியது. ஆனாலும் உன்னைவிட்டு நகரவில்லை, மாப்ள.

முதல் குழாய் வெடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்று, அவன் ஓடிவிடுவான். ரயில் பாதையோ கிணறோ, முதுகைக் காட்டி உட்கார நீ இல்லை. அல்லது ஓடாமல் உன்னோடேயே வருவான், பதினோரு தடவை செத்துச் செத்து.

நான் எழுந்து உன் சித்தப்பாவிடம் போனேன். இன்னைக்கு வேட்டு இல்லை மாமா என்றேன். அவர் முதலில் காதில் வாங்கவில்லை. திரும்பச் சொன்னேன். வேட்டில்லாமல் தூக்கினால் அநாதைப் பிணம் என்று ஊர் பேசும், எங்கள் குடும்பத்தைக் கேவலப்படுத்தப் பார்க்கிறாயா என்று சத்தம் போட்டார். எதற்காக என்று கேட்டார். நாய்க்காக என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், சாவு வீட்டில். நீ வேட்டுப் போடாவிட்டால் வாடிப்பட்டியிலிருந்து ஆள் வருவான், அதுவரை பிணம் கிடக்கட்டும் என்று அவர் ஆளை அனுப்பத் திரும்பினார்.

வாசலில் உன்னைக் குளிப்பாட்ட வைத்த தண்ணீர்க் குடம் இன்னும் பாதி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய், பதினோரு குழாய்களிலும் ஊற்றினேன். பாதித் தண்ணீர் என் காலிலேயே விழுந்தது. கறுப்பாக மருந்து வழிந்து ஓடியது. அப்பா வைத்துவிட்டுப் போன குழாய்கள். திரும்பி நின்று, என் குரல்தானா என்று எனக்கே தெரியாத குரலில் சொன்னேன்:

"எந்த ஊர்க்காரன் வேணாலும் வரட்டும். நான் நிக்கிற தெருவுல கருவாயன் முன்னால திரி பத்திக்காது."

அடிக்க வந்தார்கள். வந்தவர்கள் பாதியில் நின்றார்கள், ஏனென்றால் தங்கச்சி எழுந்திருந்தாள். தலைவிரிகோலமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் ஒரு பெண் வாயைத் திறந்து அழத்தான் செய்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"அண்ணன் சொன்னதுதான். இது எம் புருசன். அவருக்குப் பிடிக்காத சத்தத்தோட அவரத் தூக்க விடமாட்டேன்."

அவ்வளவுதான். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரோடு பத்துப் பதினைந்து பேர் போனார்கள். இருந்தவர்கள் உன்னைத் தூக்கினோம். மேளக்காரர்களைத் தங்கச்சி கையெடுத்துக் கும்பிட, அவர்களும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கூடவே நடந்தார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு ஊர்வலம் போனதில்லை. மூச்சுச் சத்தமும் காலடிச் சத்தமும்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். கருவாயன் நிற்கவில்லை. பாடைக்குக் கீழேயே, தூக்கியவர்களின் கால்களுக்கு நடுவே, சுடுகாடு வரைக்கும் வந்தான். வழியில் நின்ற ஒருவரும் அநாதைப் பிணம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கோயில் வேட்டு வேலையை என்னிடமிருந்து பிடுங்கினார்கள். இரண்டு வருடம் வெளியூர் ஆள் வந்து போட்டான். கல்யாண வீட்டுக்காரர்களும் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் குடும்பத்தோடு மதுரைக்கு வந்து செல்லூரில் குடியேறினேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி ஆள் வந்தது, திருப்பி அனுப்பினேன். கருவாயன் தங்கச்சியோடு இன்னும் நாலு தீபாவளி பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் நான் ரயிலேறிப் போய் அவள் வீட்டு உரலில் நெல் இடித்தேன். கடைசியில் வயதாகி, ஒரு மத்தியான வெயிலில், தூக்கத்திலேயே போனான். அவனைக் கொடிக்கால் வரப்பில் புதைத்தோம். நாயைக் கொடிக்காலிலா என்று யாரும் கேட்கத் துணியவில்லை. தங்கச்சி மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

இப்போதும் எனக்கு வேட்டுத்தான் பிழைப்பு. வேலை பேச வருகிறவர்களிடம் முதலில் கேட்பது: எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, அந்தத் தெருவில் நாய் உண்டா, சினை மாடு உண்டா, கைக்குழந்தை உண்டா. வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, கதவு சாத்தவும் கட்டவும் அவகாசம் கொடுத்த பிறகுதான் குழாயை நடுவேன். போன மாதம் வடக்குமாசி வீதியில் ஒரு பெரிய கல்யாணம். தெருவில் கிடந்த நொண்டி நாய் ஒன்றை ஒரு வீட்டுக்காரர் உள்ளே இழுத்துக் கட்டும்வரை காத்திருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலம் நின்றது. முகூர்த்தம் போகிறது என்று கத்தினார்கள், பிறகு விஷயம் தெரிந்து சிரித்தார்கள்.

சிரிக்கட்டும் மாப்ள. அவர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் திரியைத் தொடுவதில்லை.